பரிமளத்தின் பச்சை வண்டியும் எங்கள் வயிற்றெரிச்சலும்

ஒரு புதன்கிழமை முற்பகலில், ஓடுகிற வண்டிக்குள் உட்கார்ந்தபடியே, பரிமளத்தின் இரண்டு குட்டி நாய்களும் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டன என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் புருவத்தைத் தூக்குகிறார்கள். ஊத்துக்கல்மேட்டுக்காரர்களான எங்களுக்கு அன்றைக்கு நாய்கள் வளர்ந்தது பெரிதாகப் படவில்லை. அந்த வண்டியில் சொல்வதற்கு ஒரு குறைகூட இல்லாமல் போனதுதான் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு போர் போடுகிற ரிக் வண்டி உண்டு. ஆண்கள் வருஷத்தில் பாதி நாள் மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் ஊரான் நிலத்தில் ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஊருக்கு வந்து குளிப்பதற்கு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பார்கள். தண்ணீர்தான் இல்லையே தவிர, பொறாமை எங்கே தோண்டினாலும் பத்தடியில் பீறிடும். ஒருத்தர் வீட்டில் சலவைக்கல் போட்டால் அடுத்த வீட்டுக்காரர் நல்ல மொசைக் தரையைப் பெயர்த்துவிட்டு கிரானைட் போடுவார், ஒருத்தர் மகன் கனடா போனால் அடுத்தவர் மகனுக்கு உலகப் படத்தில் கனடாவையும் தாண்டி ஏதாவது ஊர் இருக்கிறதா என்று தேடுவார். இந்த எரிச்சலில் ஊரே சாம்பலாகிவிடக் கூடாது என்பதற்காக எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் செய்துவைத்த ஏற்பாடுதான் குறை சொல்லுகிற வழக்கம்.

புது வண்டி வாங்கினால், கோயிலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கிய கையோடு அதை ஊருக்குள் கொண்டுவந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்த வேண்டும். வீட்டுக்காரர் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து ஒரே ஒரு குறை சொல்ல வேண்டும், ஹாரன் மாடு கத்துகிற மாதிரி இருக்கிறது, கலர் அழுக்குத் தாங்காது, இப்படி ஏதாவது. வண்டிக்காரர் கும்பிட்டு, "ஆமாங்க, கொறைதானுங்க" என்று ஒப்புக்கொண்டு இனிப்பைக் கொடுத்துவிட்டு நகர வேண்டும். கண்ணில் இருந்த நெருப்பு அந்தக் குறையோடு வாய்வழியாகப் போய்விடும் என்பது கணக்கு, அன்றுவரை அது பொய்த்ததில்லை.

பரிமளம் ரிக் நாச்சிமுத்துவின் மனைவி. ராய்ப்பூர்ப் பக்கம் ஒரு வயலில் தண்ணீர் வருகிறதா என்று குனிந்து பார்த்த நாச்சிமுத்து நிமிரவே இல்லை. வருஷத் திதி முடிந்ததும் பரிமளம் தன் பங்கு ரிக்குகளைக் கொழுந்தன் சென்னியப்பனிடமே விட்டுக்கொடுத்து அதற்குரியதை வாங்கிக்கொண்டாள், அதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போவதாகவும் சொன்னாள். இந்த வயதில் எதற்கு என்று கேட்டவர்களிடம், வேகமாகப் போக வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து ஆசை, அந்த மனுஷன் தன் ரிக்குக்குப் பின்னாலேயே காரை ஓட்டிப் பழகிவிட்டதால் கடைசிவரை நாற்பதைத் தாண்டவில்லை என்றாள். ஒரே ஒரு நிபந்தனை, வண்டியில் தன் இரண்டு நாய்களும் சௌகரியமாக உட்கார்ந்து வர வேண்டும் என்றாள்.

நாய்களுக்குப் பெயர் வைத்தது நாச்சிமுத்து. ஓட்டைக்குள் இறக்குகிற நீளக் குழாய்க்குக் கேசிங் என்று பெயர், கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவைக்கிற அந்த நீள டேஷண்ட் நாய்க்கும் அதுவே பெயர். பாறையைக் கடித்துக்கொண்டு போகிற இரும்பு முனைக்கு பிட்டு என்று பெயர், கண்டதையெல்லாம் கடிக்க வருகிற வெள்ளைப் பொமரேனியனுக்கும் அதுவே. இரண்டையும் சேர்த்துத் தூக்கினாலும் ஒரு கை போதும்.

ஒரே மதிலுக்குள் அடுத்த வீட்டில் இருந்தவள் தனக்கொடி, சென்னியப்பனின் மனைவி, பரிமளத்துக்கு ஓரகத்தி. பொறாமையில் அவள் எங்கள் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். அக்கா மாம்பழ மஞ்சளில் பட்டு எடுத்தால் இவளுக்கும் அதே மஞ்சள் வேண்டும், அக்கா வீட்டு முருங்கை பூத்தால் தன் வீட்டு முருங்கையைத் திட்டுவாள், அக்காவுக்குக் காய்ச்சல் கண்டால் அன்று சாயங்காலத்துக்குள் இவளுக்கும் உடம்பு சுடும். ஆண்கள் வடக்கே போயிருக்கிற மாதங்களில் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பாயில் படுத்து, பேசிப்பேசியே விடியவைப்பார்கள். அவளிடம் இருந்ததில் பொறாமை எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நாங்கள் மெனக்கெட்டதில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், இந்த ஒரு சாமானை மட்டும் அவள் வாங்க முடியாது என்பதுதான். ஸ்கூட்டி ஓட்டுகிறேன் என்று கேட்டதற்கே சென்னியப்பன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

வண்டி பார்க்க மாரப்பனின் வாடகைக் காரில் கோயம்புத்தூர் போனார்கள், நாய்கள் தனக்கொடியின் மடியில். நாய் ஏறுமா என்று கேட்டதும் கடைக்காரப் பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள், கேட்கிற அம்மாவின் காதில் மின்னிய தோட்டையும் பார்த்துவிட்டுப் பேசாமல் கதவைத் திறந்துவிட்டார்கள். முதலில் பார்த்தது மஞ்சள் வண்டி, தரையோடு தரையாகக் கிடந்தது. இஞ்சின் முதுகுப்பக்கம் இருந்ததால் சூடு வந்து பிட்டு நாக்கைத் தொங்கப்போட்டது, வளைவில் திரும்பியபோது கேசிங் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. வேண்டாம் என்றாள் பரிமளம்.

அடுத்த தடவை பார்த்தது நீல வண்டி, கூரையைச் சுருட்டி வைத்துக்கொள்கிற ரகம், இரண்டே இருக்கை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு மெத்தையைப் போட்டு நாய்களை விட்டதும் இரண்டும் சுருண்டு படுத்து, அவினாசி ரோட்டில் போய்த் திரும்புகிறவரை கண்ணே திறக்கவில்லை. இதைவிடச் சௌகரியம் எதில் கிடைக்கும், விலையும் பரவாயில்லை, இதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொன்னார், மாரப்பன் சொன்னான், தூக்கம் கலையாத நாய்களும் அதைத்தான் சொல்லின. பரிமளம் மட்டும் நாய்கள் படுத்திருந்த அந்த இருக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரிவராது என்று இறங்கிவிட்டாள். காரணம் சொல்லவில்லை.

மூன்றாம் தடவை தனக்கொடி போகவில்லை, தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அக்கா எதையாவது வாங்கிவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, வாங்குகிற நேரத்தில் பக்கத்தில் நின்று சிரிக்கிற தெம்பு இல்லை. அன்றைக்குத்தான் அந்தப் பச்சை வண்டி கிடைத்தது. முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் மனிதர் எவரும் உட்கார முடியாத இரண்டு சின்னக் குழிகள், பேருக்கு இருக்கை என்று தோல் தைத்து வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் நாய்கள் தாமாகவே தாவி ஆளுக்கொரு குழியில் இறங்கின, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு பரிமளம் வண்டியைப் பற்றிக் கேட்டது ஒரே கேள்வி. முன்னால் இருந்த பக்கத்து இருக்கையைக் கையால் அமுக்கிப் பார்த்து, அது இன்னும் கொஞ்சம் பின்னால் போகுமா, சற்றுப் பருமனான ஆளுக்கு பெல்ட் எட்டுமா என்று கேட்டாளாம்.

மாரப்பன் வந்து இதைச் சொன்னதும் டீக்கடையில் எங்களுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பருமனான ஆள் யார்? ரிக் சங்கத் தலைவர் அர்த்தநாரிக்குத் தொப்பை உண்டு, ஆகவே அவர் மனைவி மூன்று நாள் அவரை வெளியே விடவில்லை. போரில் இறக்கும் மோட்டார் விற்கிற ஒருவரையும் சந்தேகப்பட்டோம். யாராக இருந்தாலும் அந்த இருக்கையில் உட்காரப் போகிறவன் மேல், அவன் முகம் தெரியாமலேயே, எங்களுக்கு எரிய ஆரம்பித்துவிட்டது.

புதன்கிழமை வண்டி வந்தது. வெயிலில் அந்தப் பச்சை பச்சையாகவும் இருந்தது, கறுப்பாகவும் இருந்தது, திரும்பும்போது கொஞ்சம் தங்கமாகவும் இருந்தது. நாச்சிமுத்துவின் பழைய கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு பரிமளம் ஓட்டிவர, பின்னால் இரண்டு குழிகளிலிருந்தும் இரண்டு மூக்குகள் எட்டிப் பார்க்க, முதல் வாசலாக அர்த்தநாரியின் வீட்டில் நின்றது. அர்த்தநாரி சுற்றிவந்தார், குனிந்து அடியில் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார். இன்னொரு சுற்று வந்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. பரிமளம் கும்பிட்ட கையோடு காத்திருந்துவிட்டு, இனிப்பைக் கொடுத்து நகர்ந்தபோது பின்னால் இருந்த மூக்குகள் இரண்டும் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வீட்டிலும் கிடைக்கவில்லை, அதற்கடுத்த வீட்டிலும் கிடைக்கவில்லை, சாதாரணமாக அடுத்தவர் வீட்டுப் பாயசத்தில் முந்திரி எண்ணுகிற எங்கள் பெண்டுகளுக்கே கிடைக்கவில்லை. வாசலுக்கு வாசல் நாங்கள் வாயடைத்து நிற்க, வெளியே போக வழியில்லாத எரிச்சலெல்லாம் எங்கள் கண்ணிலிருந்து கிளம்பி வண்டிக்குள் இறங்க, நாய்கள் பூனையாகி, ஆடாகி, அரச மரத்துத் திருப்பத்தில் கன்றுக்குட்டிகளாகி, ஒன்றின் தலை ஒரு ஜன்னலிலும் இன்னொன்றின் பின்பாகம் மறு ஜன்னலிலுமாக வந்தன. கடைசி வாசல் தனக்கொடியுடையது. அவள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். வண்டியைப் பார்த்தாள், அக்காவின் கூலிங் கிளாஸைப் பார்த்தாள், கண்ணில் நீர் முட்டியது, ஒரு வார்த்தை வரவில்லை. கேசிங்கின் வால் பட்டு மேல்கூரைத் துணி கிழிந்தது.

ஆளுக்கொரு காலைப் பிடித்து நாய்களை வெளியே இழுத்தோம். இழுத்து முடித்து மூச்சு வாங்கும்போது அர்த்தநாரி, "நாய்க்கு வண்டி பத்தலீங்களே" என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பிட்டு ஒரு சாண் சிறுத்தது. அப்போதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது, புரிந்ததும் எல்லாரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம்.

அதற்குப் பிறகு ஊர் அதற்கேற்றபடி ஒழுங்காகிக்கொண்டது. வண்டியை ஷெட்டில் அடைத்து ஷட்டரை இறக்கிவிட்டால் நாய்கள் மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு வரும், வெளியே எடுத்தால் ஊதும். ஆகவே பச்சை வண்டி வருகிற சத்தம் கேட்டால் ஆண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வது, பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்வது என்று ஏற்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு, ஏனென்றால் அவர்கள் வண்டியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்களே தவிர எரியவில்லை. நாய்களின் கழுத்துப் பட்டைக்குத் தையல்காரர் எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தார். அப்படியும் யாராவது ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துவிடுவார், அன்றைக்கு நாய்களைத் திரும்பக் கொண்டுவர மாரப்பன் மினி லாரி எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் எங்களைப் பயமுறுத்தியவர். உடம்பு ஊதுகிறதே தவிர நெஞ்சு ஊதவில்லை, குட்டி நாயின் நெஞ்சு கன்றுக்குட்டி உடம்புக்கு எத்தனை நாள் ரத்தம் இறைக்கும், இப்படியே போனால் இரண்டும் தாங்காது என்றார். வண்டியை விற்றுவிடச் சொல்லிப் பரிமளத்திடம் பெரியவர்கள் தூது போனார்கள். அவள் நாய்களுக்குச் சோறு பிசைந்துகொண்டே பதில் சொன்னாள்.

"வண்டிய வித்துட்டா வேற எதையாச்சும் பாத்து எரிவீங்க. அப்பறம் அதையும் விக்கோணும். கடைசில நாயவே விக்கறதுங்களா? நான் கோயமுத்தூர்ல வீடு பாத்துட்டேன். அங்க பக்கத்து வீட்ல ஆரு இருக்கறாங்கன்னே ஒருத்தருக்கும் தெரியாதாம்."

இதைச் சமையல்கட்டு ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த தனக்கொடி அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை. அவள் ஊரைவிட்டுப் போனால் எங்கள் மானமும் கூடவே போகும். ஒரு பொம்பளை கார் வாங்கியதைத் தாங்க முடியாத ஊர் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் காலத்துக்கும் சிரிப்பார்கள். அதனால் ரிக் சங்கத்தில் கூடி, பொறாமையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தோம், விடுவதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியையும் கையிலெடுத்தோம். தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கி, முறைவைத்து, வீட்டுக்கு ஒருவராக வண்டி முன்னால் உட்கார்ந்து குறை கண்டுபிடிக்க வேண்டும். நாய்களைச் சென்னியப்பன் வீட்டுத் தொழுவத்தில் கட்டிவைத்தோம்.

தேடினால் கிடைக்காதது உண்டா. வேகத்தடையில் அடி தட்டும். பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். இறங்கும்போது இடுப்புப் பிடிக்கும். மழைக்கு மண் ரோட்டில் போனால் கிரேன்தான் வர வேண்டும். தங்கமாகத் தெரிகிற பச்சை, காக்கா எச்சம் பட்டால் பாசி. நாங்கள் எழுந்து வரும்போது நெஞ்சு லேசாக இருந்தது, வீட்டில் நிற்கும் பழைய காரைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம், தொழுவத்தில் நாய்கள் நாளுக்கு நாள் சிறுத்தன. கடைசியில் ஒரே ஒரு எரிச்சல் மட்டும் பாக்கி நின்றது. தினமும் காலை சமையல்கட்டு ஜன்னல் திறக்கிற நேரத்துக்கு நாய்கள் இரண்டும் ஆட்டளவுக்கு ஊதின.

யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னியப்பன் மானம் போகிறதென்று கத்தினான். தனக்கொடி ஜன்னலை அடைத்துப் பலகை அறைந்தாள், மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போட்டாள், செவ்வாய் வெள்ளி பட்டினி கிடந்தாள், இளைத்ததுதான் மிச்சம். பரிமளம் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்த அன்று காலை, தனக்கொடி வந்து ஷட்டரைத் தூக்கிவிட்டு வண்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மதிலுக்கு வெளியே நின்றோம். ஒருவழியாக எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, "டிக்கி சின்னது. ஒரு பலாப்பழம் வெக்க முடியாது" என்றாள்.

நாய்கள் பழைய அளவுக்கு வந்து நின்றன. அட்டைப்பெட்டியிலிருந்து பாத்திரங்கள் வெளியே வந்தன, ஊருக்கே பாயசம் வைத்தோம், முந்திரியை யாரும் எண்ணவில்லை.

பாயசத்தோடு அது நின்றிருந்தால் எங்களைப்போல நல்லவர்கள் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்போம். ஆனால் நாய்கள் மேலும் சிறுத்தன. கேசிங் அணில் அளவுக்கு வந்தபோது, வெயிலுக்கு வாடியிருக்கும் என்று பேசிக்கொண்டோம். பிட்டு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து குரைத்தபோது கொலுசுமணி சத்தம்தான் கேட்டது. டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, நாய்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, உங்கள் ஊருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வண்டி வருவதற்கு முன்பும் நாங்கள் சும்மா இருந்தவர்களா? நாச்சிமுத்து இருந்த காலத்திலிருந்து பரிமளத்தின் தோட்டைப் பார்த்து, முருங்கையைப் பார்த்து, சிரிப்பைப் பார்த்து, மடியில் தூங்குகிற இந்த நாய்களைப் பார்த்து எரிந்துகொண்டுதானே இருந்தோம். அவை ஓர் அளவில் இருந்ததே எங்கள் எரிச்சலில்தான். அதையும் சேர்த்து விட்டுத் தொலைத்திருக்கிறோம்.

சௌகரியமான குழியில் இப்போது நாய்கள் உருண்டன, பிரேக் போட்டால் தையலுக்குள் போய்ச் சொருகிக்கொண்டன. பரிமளம் அஞ்சறைப்பெட்டியைக் கழுவி, கடுகு இருந்த கிண்ணத்தில் பிட்டுவையும் சீரகம் இருந்த கிண்ணத்தில் கேசிங்கையும் பஞ்சு வைத்துப் படுக்கவைத்தாள். புருஷன் போனபோது அழாத பொம்பளை, அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக வந்து அழுதாள். கொஞ்சமாவது பொறாமைப்படுங்கள், பழைய மாதிரி படுங்கள் என்று கேட்டாள். நாங்களும் முயற்சி செய்யாமல் இல்லை. கூடி நின்று வண்டியை முறைத்துப் பார்த்தோம். ஆனால் பார்த்த இடமெல்லாம் குறை, வேகத்தடையும் பெட்ரோலும் காக்கா எச்சமுமாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தன, இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் மனசு சொன்னது. வெட்கத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம்.

அழுது ஓய்ந்து வீட்டுக்கு வந்த பரிமளம் பெட்டியை வண்டியின் பின்குழியில் வைத்தாள். எதிரே கேட் ஓரம் தனக்கொடி நின்றிருந்தாள். நாய்கள் இருக்கப்போவது இன்னும் எத்தனை நாளோ, இருக்கும்போதே ஒரு தடவையாவது நாம் எல்லாரும் சேர்ந்து போய்வரலாம் என்று சொல்லிப் பரிமளம் முன்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறு தனம். இது உன்ற சீட்டுதான்."

தனக்கொடிக்குப் புரியவில்லை.

"அந்த நீல வண்டில நாய்ங்க நல்லாத்தானே தூங்குச்சுங்க. அதை ஏன் வேண்டாம்னேன்? அதுல நாய் உக்காந்தா உனக்கு எடமில்ல. நாய்க்குத் தனியா, உனக்குத் தனியா இருக்கோணும்னுதான் இதை எடுத்தேன். பெல்ட்டு உனக்கு எட்டுமான்னு கேட்டுட்டுத்தான் எடுத்தேன். அன்னைக்கு நீ வாசல்ல அளுதுட்டு நின்னியா, அப்பறம் நாயி, டாக்டரு, ஊரு நாயம்னு போயிருச்சு. சொல்லவே முடியல."

மதிலுக்கு வெளியே நின்ற நாங்கள் திரும்பி அர்த்தநாரியின் தொப்பையைப் பார்த்தோம். பருமனான ஆளை ஊரெல்லாம் தேடியிருக்கிறோம். தனக்கொடி முகத்தைத் துடைத்துக்கொண்டாள், புதுப்பெண் மாதிரி சிரித்தாள், வலது காலை எடுத்து வண்டிக்குள் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், பின்குழியில் கிண்ணங்கள் இரண்டும் லேசாகக் கிணுகிணுத்தன. பரிமளம் திரும்பிப் பார்த்தாள். பஞ்சில் கேசிங் ஒரு சீரகமாகவே ஆகிவிட்டிருந்தது. பிட்டு இருந்த இடத்தில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி துடித்தது. ஊரில் பாக்கியிருந்த கடைசிச் சொட்டு எரிச்சலும் அந்தக் காலடியில் அணைந்துகொண்டிருந்தது.

தனக்கொடி காலை வெளியே எடுத்துவிட்டாள். கதவைச் சாத்தினாள், மெதுவாகத்தான் சாத்தினாள். இரண்டு அடி பின்னால் போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "நீங்க போங்க்கா" என்றாள்.

பரிமளம் மாட்டேன் என்றாள். தனக்கொடி விடவில்லை. "நான் ஏறிட்டா அப்பறம் ஆருங்க்கா பொறாமப்படறது? போங்க. சீக்கிரம் போங்க."

வண்டி கிளம்பியது. ஓட்டுகிற அக்காவும், அக்காவுக்குப் பக்கத்தில் ஆளில்லாத அந்த இருக்கையும் ஜோடியாகப் போவதைத் தனக்கொடி பார்த்தாள். தனக்கென்று அமுக்கிப் பார்த்து, தன் உடம்புக்கு அளவு கேட்டு வாங்கிய இருக்கை தன்னை விட்டுவிட்டு அக்காவோடு உட்கார்ந்து போகிறது. வெறும் தோலும் பஞ்சும் அவள் இடத்தில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போகிறது. அடிவயிற்றிலிருந்து எரிந்தது என்று பின்னால் அவளே எங்களிடம் சொன்னாள், முப்பது பட்டுப்புடவைக்கும் எரியாத எரிச்சல் என்றாள். அரச மரத்துத் திருப்பத்தில் அஞ்சறைப்பெட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு இரண்டு தலைகள் கிளம்பின, இரண்டும் ஆளுக்கொரு குழியில் இறங்கி உட்கார்ந்தன, அந்த அளவோடு நின்றுவிட்டன. முன்பு எரிந்தது அக்காவிடம் இருந்ததைப் பார்த்து, இப்போது எரிந்தது தனக்கென்று இருந்ததைப் பார்த்து, அதனால்தானோ என்னவோ ஒரு விரற்கடைகூட மிஞ்சவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் பச்சை வண்டி கிளம்புகிறது. கிளம்புவதற்கு முன்னால் பரிமளம் குனிந்து, பக்கத்தில் ஆளில்லாத இருக்கைக்கு பெல்ட்டைப் போட்டுவிடுகிறாள். அதில் வேறு யாரையும் அவள் ஏற்றியதில்லை, ஏறுகிறேன் என்று கேட்கிற தைரியம் எங்களுக்கும் இல்லை. கேட் அருகில் தனக்கொடி நிற்பாள். வண்டி அவள் முன்னால் நிற்கும், எங்கள் ஊர் வழக்கப்படி பரிமளம் கையைக் கூப்புவாள்.

"கொறை ஏதாச்சும் இருக்குதா தனம்?"

குறை என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவள் பெல்ட் போட்ட அந்த இருக்கையைப் பார்ப்பாள், பின்னால் எட்டிப் பார்க்கிற இரண்டு மூக்குகளைப் பார்ப்பாள், வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொள்வாள்.

"ஒண்ணுமில்லீங்க்கா. போயிட்டு வாங்க."